உட்கார்ந்து செய்யும் வேலை

நம்மவர்களுக்கு 'உட்கார்ந்து செய்யும் வேலை' என்றால் தனி மதிப்பு உண்டு. பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள், பையனுக்கு என்ன சம்பளம் என்று விசாரிப்பதற்கு முன்னால், "உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகந்தானே?" என்று கேட்டுத் திருப்தி அடைகிறார்கள். குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார், நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், மந்திரிமார்களும் பெரும்பாலும் உட்கார்ந்தே காரியங்களை நடத்துகிறார்கள். நாள் முழுவதும் நின்றுகொண்டே ஜீவனம் நடத்தும் உபாத்தியாயர் வர்க்கத்தைச் சேர்ந்த நமக்கும் நாற்காலியின் மேல் அவ்வப்போது ஆசை எழுவதுண்டு.

ஆயினும் நாற்காலிகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. தரையிலிருந்து ஆள் உயரத்தில், எஞ்சினுக்கு மேலேயே பொருத்தப்பட்ட ஓர் ஆசனம் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். அவருக்குப் பின்னால் கூரையும் பக்கப் பலகையும் இல்லாத நாற்பது அடி நீள இரும்புத் தட்டு. அதன்மேல் ஒரு கண்டெய்னர் பெட்டியோ, இரும்புச் சுருளோ, பெரிய யந்திரமோ ஏற்றப்பட்டிருக்கும். இந்த ஆசனத்தில் உட்காருவதற்கு ஒரு மனித உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதை இந்த வாரம் சற்றுக் கணக்குப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். அப்படிக் கணக்குப் பார்க்கும்படி நம்மைத் தூண்டியது பழவேற்காட்டு ஏரிக்கரை.

ஏரிக்கரையும் துறைமுகமும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, நம் தேசத்தின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தென்கோடியும் அங்கே கடலோடு கலக்கும் முகத்துவாரமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டின் வடபகுதிதான், ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிக்கோட்டை.

சாமான்களைச் சுமப்பதும் ஏற்றுவதும் இறக்குவதும் இந்தக் கரைக்குப் புதிய தொழில்கள் அல்ல. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டித் துணி வர்த்தகம் நடத்தினார்கள். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, துணி மூட்டைகளைச் சிறு படகுகளில் ஏற்றி அலையைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தக் கரையின் ஜனங்களே. பிற்காலத்தில் கால்வாய் வந்தது. சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் 1806-ல் வெட்டப்பட்டு, பிறகு ஏரிவரை நீண்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாக மேலும் விரிவடைந்து, அப்போதைய கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதில் விறகும் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளைக் காற்று அடித்தால் பாய் நகர்த்தும். காற்று இல்லாவிட்டால் மனிதர்கள் நகர்த்துவார்கள். ஒருவர் கழி ஊன்றித் தள்ளுவார். மற்றவர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையோடு நடந்து இழுப்பார். அந்த உழைப்பைப் பார்த்தவர் யாருக்கும் அது தேக உழைப்பு என்று எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

இப்போது கால்வாய்ப் படகுகள் இல்லை. ஏரிக்குத் தெற்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-ல் அதற்குக் காமராஜர் பெயர் சூட்டப்பட்டது. அதற்குச் சற்று வடக்கே காட்டுப்பள்ளியில் 2013 முதல் கண்டெய்னர்கள் ஏற்றி இறக்கப்படுகின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவுபடுத்தும் திட்டம் ஏரிக்கும் மீனுக்கும் கேடு என்று மீனவ கிராமங்கள் ஆட்சேபித்து வந்திருக்கின்றன. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொது விசாரணையும் ஒத்திவைக்கப்பட்டது. அது தனியாக எழுத வேண்டிய பெரிய விவகாரம். நாம் இங்கே கவனிப்பது ஒன்றுதான்: முன்பு கயிறு இழுத்த கரையில் இன்று ஸ்டீரிங் சக்கரம் பிடிக்கிறார்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்றில் நாம் அறிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் கடலுக்குப் போகிறவர். மூத்த பையன் சில வருஷங்கள் தகப்பனாரோடு படகில் போய்விட்டு, பிறகு கனரக வண்டி லைசென்ஸ் வாங்கி டிரெய்லர் ஓட்டப் போய்விட்டான். அவனுடைய தாயார் நம்மைச் சந்தித்தபோது மிகுந்த நிம்மதியோடு சொன்னார்: "இனிமே எம் புள்ளைக்குக் கஷ்டம் இல்லீங்க வாத்தியாரய்யா. அவுங்க அப்பா மாதிரி அலையில சாவ வேணாம். குந்தின எடத்துல வேல!"

அந்த நிம்மதியைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பையனே சில மாதங்களுக்குப் பிறகு நம்மிடம் வேறு விதமாகச் சொன்னான்: "படகுல போனா ராத்திரி கை வலிக்கும் சார், காத்தால சரியாப் போவும். இதுல எங்க வலிக்குதுன்னே தெரியல. ஆனா போவ மாட்டேங்குது." அவன் சொன்னதில் ஒரு வைத்திய சாஸ்திரமே அடங்கியிருக்கிறது என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

கட்டுவதும் ஏறுவதும்

மூடிய லாரியில் சாமான் விழாமல் தடுக்கச் சுவர் இருக்கிறது. தட்டை வண்டியில் அந்தச் சுவரின் வேலையையும் மனிதனே செய்ய வேண்டும். சங்கிலி, கம்பிவடம், கயிறு, தார்ப்பாய், கட்டை ஆகிய இவைதாம் அவனுடைய ஆயுதங்கள். 25 டன் எடையுள்ள இரும்புச் சுருள் ஒன்றைத் தட்டில் ஏற்றியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி நிற்கிறது, சுருளுக்கு நிற்க வேண்டும் என்ற எண்ணம் கிடையாது. அமெரிக்க தேசத்துச் சாலை விதிகளின்படி, சரக்கைக் கட்டும் கட்டு, முன்பக்கமாகச் சரக்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு விசையைத் தாங்க வேண்டும். அதாவது நமது சுருளுக்கு 20 டன். அந்தச் சங்கிலி சற்றுத் தளர்ந்திருந்தால் சுருள் நேரே செல்லுமிடம் டிரைவர் உட்கார்ந்திருக்கும் அறை. ஆகவே அவர் தம் உயிரையே கட்டுவது போலக் கட்டுகிறார். குனிந்து, தட்டின் அடியில் கைவிட்டு, சங்கிலியைக் கோத்து, நெம்புகோலில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்குகிறார். கொஞ்ச தூரம் போனதும் அதிர்ச்சியில் கட்டு தளர்ந்திருக்கும். மீண்டும் இறங்கி, மீண்டும் இறுக்க வேண்டும்.

கண்டெய்னர் பெட்டியாக இருந்தால் சங்கிலி தேவையில்லை. தட்டின் மூலைகளில் இருக்கும் திருகு கொண்டிகளைப் பூட்டினால் போதும். ஆனால் வருஷக்கணக்காக உப்புக் காற்றைக் குடித்துத் துருப்பிடித்த கொண்டி, சொன்னபடி கேட்பதில்லை. சித்திரை வெயிலில் அதைத் தொட்டால் கை சுடும். ஐப்பசி மழையில் தொட்டால் வழுக்கும். மழை வருகிறதென்று தார்ப்பாய் போட வேண்டியிருந்தால் இன்னும் விசேஷம். நனைந்த தார்ப்பாயைச் சரக்கின் உச்சிக்கு ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கிளீனர் இருந்தான். இப்போது பல வண்டிகளில் அவனும் இல்லை. டிரைவரே எஜமானர், டிரைவரே வேலைக்காரர்.

டயர் வெடித்தால் கேட்கவே வேண்டாம். கனரக லாரியின் சக்கரம், இரும்பு வளையத்தோடு சேர்த்து ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். அதை உருட்டிக் கொண்டுவந்து, நிமிர்த்தி, திருகுகளில் பொருத்த வேண்டும். நள்ளிரவில், சாலையோரத்தில், டார்ச்சு விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இதைச் செய்கிறவரைப் பார்த்து 'உட்கார்ந்த உத்தியோகம்' என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

இவற்றைவிடச் சிறியதாகத் தோன்றுவது ஒன்று உண்டு: வண்டியிலிருந்து இறங்குவது. அவசரத்தில் படியில் கால் வைக்காமல் குதித்துவிடுகிறார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கும்போது, முழங்கால் தாங்குவது உடம்பின் எடையை அல்ல. அதைப்போல் பல மடங்கு விசையை. ஒரு நாளில் எத்தனை தடவை இறங்குகிறார், ஒரு வருஷத்தில் எத்தனை நாள் என்று பெருக்கிப் பார்த்தால், நாற்பது வயதில் அவர் மாடிப்படி ஏறத் தயங்குவதற்குக் காரணம் விளங்கும்.

உட்காருவதே உழைப்பு

இனி, உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

மனிதனுடைய உடற்பகுதியை மேலும் கீழுமாகக் குலுக்கினால், விநாடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வுகள் என்ற வேகத்தில் அது மிக அதிகமாக எதிரொலிக்கிறது என்று நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். வீணையில் ஒரு தந்தியை மீட்டும்போது அதே சுருதியில் உள்ள மற்றொரு தந்தி தானாக அதிர்வதைப் போன்ற விஷயம் இது. துரதிருஷ்டவசமாக, கனமான வண்டி மேடுபள்ளமான சாலையில் ஓடும்போது எழும் குலுக்கலில் ஒரு பெரும் பகுதி இந்தச் சுருதியை ஒட்டியே அமைகிறது. முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையேயுள்ள மிருதுவான வட்டுகள் மணிக்கணக்கில் இடிபடுகின்றன. அதிலும் ஒரு விசித்திரம்: பாரம் ஏற்றிய லாரியைவிடக் காலி லாரிதான் அதிகமாகக் குலுக்கும். பாரத்தைத் தாங்குவதற்கென்று விறைப்பாகச் செய்யப்பட்ட வில்பட்டைகள், பாரம் இல்லாதபோது வளைந்து கொடுப்பதில்லை. சரக்கை இறக்கிவிட்டு 'அப்பாடா' என்று திரும்பும் பிரயாணத்தில்தான் முதுகுக்கு அதிக தண்டனை.

அசையாமல் உட்கார்ந்திருப்பது இருதயத்துக்கு ஆகாது என்பதை முதன்முதலில் உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களும் வண்டிக்காரர்களே. லண்டன் நகரத்து மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கட் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே சாலை. டாக்டர் ஜெரி மாரிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1953-ல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மாரடைப்பு நோய் டிரைவர்களை அதிகமாகவும் கண்டக்டர்களைக் குறைவாகவும் பீடித்தது. பழவேற்காட்டுத் தாயார் எதை வரப்பிரசாதமாகக் கருதினாரோ, அதுவே வைத்தியரின் குறிப்பில் அபாயமாகப் பதிவாகியிருக்கிறது.

உஷ்ணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் தேசத்துக் கனரக லாரிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சின் டிரைவரின் காலடியில்தான் இருக்கிறது. மேலே சூரியன், கீழே எஞ்சின், நடுவே மனிதன். 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2023-ல் விதி செய்திருக்கிறார்கள். மிகவும் நல்ல விதி. ஆனால் முன்பே தயாராகி இன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான லாரிகளுக்கு அது பொருந்தாது. அவற்றின் டிரைவருக்கு ஜன்னல் காற்றும் ஈரத் துண்டுந்தான் குளிர்சாதனம்.

காத்திருப்பு என்னும் வேலை

இவ்வளவும் வண்டி ஓடும்போது. வண்டி ஓடாதபோது என்ன நடக்கிறது?

சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சியைப் பத்திரிகைகளில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நெருக்கடியைத் தீர்ப்பதற்காகவே எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று போட வேண்டியிருந்தது. வரிசை சில நாள் குறுகும். சில நாள் நீளும். ஆனால் துறைமுகம் உள்ள இடத்தில் வரிசை இல்லாமல் இருப்பதில்லை.

வரிசையில் நிற்பது ஓய்வுதானே என்று நேயர்கள் கேட்கலாம். ஓய்வு என்பது எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்கும் நேரம். வரிசையிலோ முன்னால் உள்ள லாரி பத்து நிமிஷத்தில் நகரலாம். இரண்டு மணி கழித்தும் நகரலாம். அது நகரும்போது நம்மவர் நகராவிட்டால், பின்னால் இருப்பவர்கள் ஹாரனால் எழுப்புவார்கள். அல்லது பக்கவாட்டில் ஒருவர் புகுந்துவிடுவார். ஆகையால் கண்ணை மூடினாலும் காது மூடுவதில்லை. கிளச்சை மிதித்து, இருபது அடி நகர்ந்து, நிறுத்தி, மறுபடியும் காத்திருக்கிறார்.

இதிலே சொல்லக் கூசும் ஒரு கஷ்டமும் இருக்கிறது. சொல்லாமல் விடுவது அதைவிடக் கூச்சப்பட வேண்டிய விஷயம். வரிசையை விட்டு இறங்கிப் போகக் கழிப்பிடம் பக்கத்தில் கிடையாது. ஆகவே பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்கிறார்கள். உஷ்ணத்தில் வியர்வை போய்க்கொண்டிருக்கும் உடம்பு, தண்ணீரும் இல்லாமல் போனால் சிறுநீரகத்தில் கல் சேர்த்துக்கொள்கிறது. சாப்பாடு எந்த வேளையில் கிடைக்கிறதோ அந்த வேளையில் சாப்பாடு. தூக்கம் எங்கே கிடைக்கிறதோ அங்கே தூக்கம்.

இந்தக் காத்திருப்புக்குக் கூலி உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை. டிரைவருக்குப் பேட்டா நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுகிறது. ஒரு நடை பத்து மணி நேரத்தில் முடிந்தாலும், இருபது மணி நேரம் ஆனாலும் பேட்டா ஒன்றே. ஆகவே காத்திருந்து இழந்த நேரத்தை அவர் எங்கே பிடிக்கப் பார்க்கிறார்? சாலையில், வேகத்தில், தூக்கத்தைக் குறைப்பதில். துறைமுக வாசலில் வீணான நேரம், நடுநிசியில் நம்முடைய காருக்கும் பஸ்ஸுக்கும் எதிரே லாரியாக வருகிறது. ஆகவே இது லாரிக்காரர்களை மட்டும் சேர்ந்த விஷயம் அல்ல.

1997-ல் டாசன், ரீட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்பதுதான் அது. நமது மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் குற்றம். குடித்தவரைக் கண்டுபிடிக்கப் போலீசாரிடம் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. தூங்காதவரைக் கண்டுபிடிக்கும் கருவி எந்தச் சாலைச் சந்தியிலும் இல்லை. 2022-ல் மட்டும் நம் தேசத்துச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று சர்க்கார் கணக்கு கூறுகிறது. அவற்றுள் தூக்கக் கலக்கத்தின் பங்கை எந்த ஊதுகுழலும் அளந்து சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்லிற்று?

சட்டம் செய்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணி ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து வேலை நாள் 12 மணிக்கு மேல் நீளக் கூடாது என்று அது வகுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறிய முதலாளிகள் அதன் வலையிலிருந்து தப்பினார்கள்; 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வேலை நேரத்தைப் பொறுத்தவரை அந்த ஓட்டையையும் அடைக்கப் பார்த்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பழைய சட்டத்தில் நம் கவனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு விளக்கம். வண்டி ஓடும் நேரம், அதைச் சார்ந்த துணை வேலைகளின் நேரம், இவற்றோடு முனையங்களில் 15 நிமிஷத்துக்குக் குறைவாகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரத்தில் அடங்கும் என்று அது கூறிற்று. காத்திருப்பும் ஒரு வேலை என்பதைச் சட்டம் ஒரு கணம் ஒப்புக்கொண்டது; கால் மணி ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது!

ரயில்வேயில் விஷயம் வேறு. எஞ்சின் ஓட்டுகிறவர் வேலைக்கு வந்து கையெழுத்திட்ட நிமிஷத்திலிருந்து, வேலை முடித்துக் கையெழுத்திடும் நிமிஷம் வரை அவருடைய நேரம் கணக்கில் ஏறுகிறது. சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றாலும் அவர் வேலையில்தான் இருக்கிறார். வெளியூரில் இறங்கினால் படுத்து உறங்க 'ரன்னிங் ரூம்' என்ற தங்குமிடம் இருக்கிறது. தண்டவாளத்தில் ஓடுகிறவருக்குத் தெரியும் நியாயம், தார்ச் சாலையில் ஓடுகிறவருக்கு ஏன் தெரியக் கூடாது?

மீன்களுக்குக்கூட இந்த நியாயம் கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் இனம் பெருகுவதற்கு அந்த ஓய்வு அவசியம் என்று சர்க்கார் கருதுகிறார்கள், சரிதான். மனித இனத்துக்கும் அதுபோல் ஏதாவது அவசியமாயிருக்கலாம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

ஏரி கற்றுக்கொடுக்கும் பாடம்

என்ன செய்யலாம் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரியிலேயே ஒரு வழி இருக்கிறது.

ஏரியில் இறால் அகப்படும் நல்ல இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. வலை கட்ட விரும்புகிறவர்களோ அதிகம். பலசாலி பிடித்ததே இடம் என்று விட்டிருந்தால் தினமும் சண்டைதான். கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் 'பாடு' என்ற ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்து, சுழற்சியாக எல்லோருக்கும் இடம் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு அது. ஏட்டுச் சட்டம் இல்லாமல், கிராமத்தார் சேர்ந்து நடத்தி வந்தது. உரிமையைப் பெற்ற ஊர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மனத்தாங்கல் உண்டு என்பதும் வாஸ்தவம். ஆயினும் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது: தன் முறை என்றைக்கு வரும் என்று தெரிந்தவன், அதுவரை வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். தமிழில் பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் பொருள் உண்டு. முறை தெரிந்த உழைப்பு மனிதனைத் தேய்ப்பதில்லை என்பதை அந்த ஒரு சொல்லே நினைவூட்டுகிறது.

துறைமுகங்களிலும் இது நடக்காத காரியம் அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் போர்ட் பாட்டனி துறைமுகத்தில் லாரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். 2011-ல் ஏற்பட்ட விதிகளின்படி, குறித்த நேரத்துக்கு லாரி வராவிட்டால் லாரிக் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். வந்த லாரியைத் துறைமுகத்தார் காக்க வைத்தால் அவர்கள் கட்ட வேண்டும். காத்திருப்புக்கு ஒரு விலை வைத்தார்கள். விலை வைத்ததும் அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே தீர வேண்டும். ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள கருவியே பதிவு செய்துவிடுகிறது.

ஆகவே நாம் கோருவது வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் எதுவும் இல்லை. லாரிக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்தைத் துறைமுகமும் மதிக்கட்டும். வாசலில் காத்திருக்கும் மணிகளையும் பேட்டாவில் சேருங்கள். வரிசை நிற்கும் சாலையில் குடிதண்ணீரும் கழிப்பிடமும் குளிக்க ஓர் இடமும் நிழலும் அமையுங்கள். வண்டியைச் சோதிப்பதுபோல் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி ஓட்டுகிறவரின் கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் முதுகையும் வைத்தியர் பார்க்கட்டும். வண்டி நின்றுபோனால் வேறு வாங்கலாம். முதுகுக்கு மாற்று முதுகு எந்தத் துறைமுகத்திலும் இறங்குவதில்லை.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் உள்ள குளிர்ப்பெட்டியும் துணி துவைக்கும் யந்திரமும், அவற்றுக்கு வேண்டிய இரும்பும், எப்போதோ ஒரு நாள் ஏதோ ஒரு லாரியின்மேல் பிரயாணம் செய்து வந்தவைதாம். அடுத்த தடவை பொன்னேரிச் சாலையிலோ மீஞ்சூர்ப் பக்கத்திலோ ஒரு டிரெய்லருக்குப் பின்னால் நம் கார் மெதுவாகப் போக நேர்ந்தால், ஹாரனை அழுத்துவதற்கு முன்னால் அந்த டிரைவர் எத்தனை மணியாக விழித்திருக்கிறாரோ என்று ஒரு விநாடி யோசிப்போம்.

அந்தப் பையன் இன்னும் டிரெய்லர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான். தம்பியையும் இதே தொழிலுக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் யோசனை நடக்கிறது. அலையா, ஆசனமா என்பதை அந்தக் குடும்பந்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்த ஆசனத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன என்று தெரிந்துகொண்டு தீர்மானிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த விலையைக் குறைக்கும் கடமையோ, அவர்கள் சுமந்துவரும் சாமான்களை அனுபவிக்கிற நம் எல்லோருக்கும் உண்டு.